காதில் விழவேண்டிய காற்று

அதியமான்கோட்டை நிறுத்தத்தில் இறங்கி நம் ஷெட்டுக்கு வழி கேட்டிருப்பீர்கள். "கப்பல் கம்பெனிங்களா, பஞ்சர் கடைக்குப் பின்னால போங்க" என்று கைகாட்டியிருப்பார்கள். கூடவே, இங்கே கடல் எங்கே இருக்கிறது என்ற கேள்வியும் வந்திருக்கும். இங்கே வேலையில் இருந்த காலம் முழுக்க அந்தக் கேள்விக்கு நான் விதவிதமாகப் பதில் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் எனக்கே பிடித்துப்போன பதில் இதுதான்: கடலில் போய்ச் செய்யக்கூடாத தவறுகளை முன்கூட்டியே செய்து பார்க்கக் கடல் இல்லாத ஊர்தான் வசதி.

நாம் செய்யும் வேலையை வீட்டில் சொன்னால் நம்பமாட்டார்கள். உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பணக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு நீர்மூழ்கிப் படகு வாங்கி, அதிலேயே மாதக்கணக்கில் குடியிருக்க ஆசைப்படுகிறார்கள். சண்டைக்கான கப்பல் அல்ல. படுக்கையறை, சமையல் மூலை, புத்தக அலமாரி எல்லாம் வைத்த, தண்ணீருக்கடியில் போகும் வீடு. அதன் உட்புறத்தை மட்டும் மரத்திலும் அலுமினியத்திலும் முழு அளவில் இங்கே செய்து, ஆடும் மேடை ஒன்றின்மேல் ஏற்றி, சாதாரண மனிதர்களைச் சில நாள் அதில் குடிவைத்துப் பார்க்கிறோம். அவர்கள் சுகமாக இருந்தால்தான் கடற்கரைத் தளத்தில் உண்மையான படகின் வேலை தொடரும்.

புதிதாகச் சேர்ந்த உங்களிடம் பேசச் சொன்னதும், மேடையை இயக்குவது பற்றியும் ஈரப்பதத்தை அளப்பது பற்றியும் நான் சொல்லப்போவதாக நினைத்திருப்பீர்கள். அதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒருவர் "நல்லா இருக்கு" என்று சொன்னால் அதை எப்போது நம்பலாம், எப்போது நம்பக்கூடாது என்று தீர்மானிப்பதுதான் என் வேலையாக இருந்தது. அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இதில் எனக்கு முதல் பாடம் கிடைத்தது இங்கே அல்ல, கடற்கரையில். கல்லூரி முடித்து ஒரு கப்பல் கட்டும் தளத்தில் சேர்ந்திருந்தேன். என் மேலதிகாரிக்குத் தன் பெயர் எங்கேயும் வருவது பிடிக்காது. அதனால் பெயரை விட்டுவிடுகிறேன். துறைமுகத்தில் வேலை செய்யும் இழுவைப் படகு ஒன்றில், மாலுமிகள் தங்கும் அறைகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்கப் போனோம். நான் ஒவ்வொருவராகக் கேட்டேன். எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அறை அறையாக நடந்துவிட்டு வந்து, பின்பக்க அறையில் யாரும் படுப்பதில்லை என்றார். அந்த அறையின் மெத்தை கடையில் வாங்கியபடியே புதிதாக இருந்தது. சாப்பாட்டு அறையின் பெஞ்சு மெத்தையோ ஆள் படுத்துப் படுத்துப் பள்ளம் விழுந்து கிடந்தது. பின்பக்க அறைக்கு நேர் கீழே படகைத் தள்ளும் சுழலியின் அதிர்வு. "வாய் மரியாதைக்குப் பேசும்மா. மெத்தைக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது" என்றார். அன்றிலிருந்து எந்த அறைக்குள் போனாலும் ஆட்களைப் பார்ப்பதற்கு முன் மெத்தையைத்தான் பார்ப்பேன்.

பல வருடங்கள் கழித்து, தருமபுரியிலேயே வேலை கிடைக்கிறது என்றதும் கடற்கரையை விட்டு வந்தேன். இந்த ஷெட்டில் எனக்குக் கிடைத்த பெரிய வேலை, சிங்கப்பூரில் தொழில் செய்யும் ஒரு தமிழருக்கான படகு. அறுபதைத் தாண்டியவர். தொழிலை மகளிடம் ஒப்படைத்துவிட்டு மனைவியுடன் வருடத்தில் பாதியைக் கடலுக்கடியில் கழிக்க ஆசைப்பட்டார். சேமிப்பு, பெருமை, பிடிவாதம் மூன்றையும் அதில் போட்டிருந்தார். நம் நிறுவனமும் அப்படித்தான். அந்த ஒரு படகை நம்பித்தான் இந்த ஷெட்டின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அதை வடிவமைத்தவர் அரவிந்த். பெங்களூர் அலுவலகத்திலிருந்து வந்தவர், முப்பது வயதுகூட ஆகாதவர். அவருடைய திறமையை முதலில் சொல்லிவிட வேண்டும். நீர்மூழ்கி என்பது தண்ணீருக்குள் போய்விட்டால் அசையாது. அலையெல்லாம் மேலே நின்றுவிடும். தொல்லை கொடுப்பது மேலே மிதக்கும்போதுதான். அதன் அடிவயிறு உருண்டை. சின்ன அலைக்கும் மரக்கட்டை மாதிரி உருளும். அதிலும் உள்ளே இருப்பவருக்கு வெளியே அடிவானம் தெரியாது. கண் அசையவில்லை என்கிறது, காது அசைகிறது என்கிறது, வயிறு குழம்பிப்போகிறது. அரவிந்த் இதற்கு என்னென்னவோ செய்தார். படுக்கையை முன்பக்கத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்தார். உருளலைத் தணிக்கும் கனமான சுழல்சக்கரம் ஒன்றை வைத்தார். அவர் செய்த அறையில் கடல் கொந்தளிக்கும்படி மேடையை ஆட்டினாலும், டம்ளரில் இருக்கும் டீ விளிம்பைத் தொடாது.

அதைவிட அவர் பெருமைப்பட்டது நிசப்தத்தைப் பற்றி. ஒவ்வொரு பம்பையும் ரப்பர் மேல் உட்காரவைத்தார். காற்றுக்குழாய்களை அகலமாக்கி, காற்று மெதுவாக, சத்தமில்லாமல் வரும்படி செய்தார். கதவைச் சாத்தினால் நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சல் துண்டித்த மாதிரி நின்றுவிடும். உள்ளே உட்கார்ந்தால் நம் காதுக்குள் ஓடும் ரத்தமே கேட்கும். முதல் தடவை நானும் அசந்துதான் போனேன்.

குடியிருந்து பார்க்க, வாங்குபவரின் வயதில் ஒரு தம்பதி தேவைப்பட்டார்கள். பாலக்கோட்டிலிருந்து மாதையனும் அவர் மனைவி சாலம்மாவும் வந்தார்கள். மாதையன் தக்காளி மண்டி நடத்தி, அதை மகனிடம் விட்டிருந்தார். இரண்டு வருடம் முன்பு மாரடைப்பு வந்து பிழைத்தவர். டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் சேர்த்துக்கொண்டோம். அவருக்கு எல்லாமே வேடிக்கை. ஜன்னலுக்குப் பதிலாக வைத்திருந்த திரையில் தெரியும் மீன்களைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். மேடை ஆடும்போது இரண்டு கையிலும் டம்ளரை ஏந்திக்கொண்டு நடந்து, சிந்தவில்லை என்று அரவிந்திடம் காட்டுவார். "எங்கூரு பஸ்ஸுல இந்த மாதிரி ஒண்ணு வைங்க தம்பி" என்றார். அரவிந்துக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான் என்று நினைக்கிறேன். அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாலம்மா அதிகம் பேசாதவர். தினமும் காலையில் நான் போய் விசாரிப்பேன். சாப்பாடு, தூக்கம், தலைசுற்றல் என்று எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "ஒரு கொறையும் இல்லீங்க மேடம்." கருவிகளும் அதையே சொல்லின. காற்று சுத்தம், ஆட்டம் மிகக் குறைவு, சத்தம் அறவே இல்லை.

ஆனால் மெத்தை வேறு சொன்னது. இரட்டைப் படுக்கையில் மாதையன் படுத்த பக்கம் மட்டும்தான் கசங்கியிருந்தது. சாலம்மாவின் போர்வை, சமையல் மூலையை ஒட்டிய நாற்காலியில் மடித்துவைத்திருந்தது. அந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்தில் ஃபிரிட்ஜ். படகுக்கென்று சொல்லியிருந்த சத்தமில்லாத ஃபிரிட்ஜ் வந்து சேராததால், தருமபுரிக் கடையில் வாங்கிய சாதாரண ஃபிரிட்ஜை வைத்திருந்தோம். அந்த அறைகள் முழுவதிலும் சத்தம் போட்ட ஒரே பொருள் அதுதான். அப்போதுதான் மேலே பார்த்தேன். காற்று வரும் சல்லடையில் ஒரு பூ நூல் கட்டியிருந்தது. பூவெல்லாம் உதிர்ந்துபோன மல்லிகைச் சரத்தின் வெறும் நூல். லேசாக ஆடிக்கொண்டிருந்தது. படுக்கையறையில் போய்ப் பார்த்தேன். அங்கேயும் ஒன்று.

இது எதற்கு என்று நேராகக் கேட்டால் அவிழ்த்துவிடுவார் என்று தோன்றியது. மாதையன் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள வெளியே போன நேரத்தில், சாலம்மாவுடன் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே, எனக்கும் இந்த அறை கொஞ்சம் ஒருமாதிரி இருக்கிறது என்றேன். அது உண்மையும்கூட. கொஞ்ச நேரம் கழித்து அவராகவே பேசினார்.

"சத்தமே இல்லீங்களே மேடம். காத்து வருதா, நின்னுபோச்சான்னு தெரியலை. அதான் நூலக் கட்னேன். ஆடிச்சுன்னா வருது."

"நாற்காலியில ஏன் உட்காந்துக்கறீங்க?"

"படுத்தா எங்க வூட்டுக்காரரு மூச்சு வுடற சத்தம் மட்டுந்தாங்க கேக்குது. வேற ஒண்ணுமே கேக்கறதில்லை. அதையே கேட்டுக்கிட்டு இருக்கறேன். நடுவுல கொஞ்சம் மெதுவாச்சுன்னா எந்திரிச்சு உக்காந்துக்கறேன். அவருக்குத் தெரியாதுங்க. சொல்லிப்புடாதீங்க."

பாலக்கோட்டு வீட்டில் மின்விசிறி ஓடும், தெருவில் வண்டி போகும், நாய் குரைக்கும். அந்தச் சத்தங்களுக்கு நடுவே அவர் பயம் எங்கேயோ ஓரமாகப் படுத்திருந்தது. நாம் கட்டிய அருமையான அறையில் அதற்கு முழு வீடும் கிடைத்துவிட்டது.

அரவிந்திடம் சொன்னேன், மாரடைப்பு விஷயத்தைத் தொடாமல். அவர் எரிச்சல்படவில்லை. காற்று நிற்காது என்பதற்கான ஏற்பாடுகளைப் பொறுமையாக விளக்கினார். பழக்கமில்லாததால் வரும் பயம், போகப் போகச் சரியாகும் என்றார். இன்னும் இரண்டு நாளில் சிங்கப்பூர்க்காரர் மனைவியுடன் பார்க்க வருகிறார், அது முடிந்ததும் உட்கார்ந்து பேசலாம் என்றார். நியாயமாகத்தான் பட்டது. சரி என்றேன்.

அவர்கள் வந்த நாள் சித்திரை வெயில். மதியச் சாப்பாட்டை உள்ளேயே வைத்திருந்தோம். மேடை ஆடிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது அரவிந்தின் ஆசை. வாங்குபவர், அவர் மனைவி கோமதி, மாதையன், சாலம்மா, அரவிந்த் ஐந்து பேரும் உள்ளே போனதும் கதவு மூடியது. வெளியே கட்டுப்பாட்டுப் பலகைக்கு முன்னால் நானும் நிறுவனத் தலைவரும் இருந்தோம். முன்பே அறையைச் சுத்தம் செய்தவர்கள் இரண்டு நூலையும் பிய்த்து எறிந்திருந்தார்கள். சாலம்மா சமையல் மூலையில், யார் கண்ணிலும் படாத சல்லடை ஒன்றில் புதிதாக ஒன்றைக் கட்டிவிட்டது அப்போது எனக்குத் தெரியாது.

சாப்பிட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. நம் ஊர் கோடைமழை எப்படி வரும் என்று தெரியுமே. முதலில் புழுதி, பிறகு காற்று, தகரக் கூரைமேல் கல்லெறிந்த மாதிரி ஆலங்கட்டி. கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் உடனே எடுத்துக்கொண்டது. மேடை ஒரு கணம் நின்று மறுபடி மெதுவாக ஆடியது. உள்ளே விளக்குகள் பேட்டரியில் எரிந்ததால் கண்சிமிட்டக்கூட இல்லை. இவ்வளவு ஆரவாரத்திலும் உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. தலைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

அப்போது இன்டர்காமில் சாலம்மாவின் குரல், ரகசியம் பேசுவதுபோல.

"மேடம், நூலு தொங்கிப்போச்சுங்க. ஆடலை."

பலகையைப் பார்த்தேன். காற்று விசிறிக்கான விளக்கு பச்சையாக எரிந்தது. காற்றின் தரம் காட்டும் கருவியும் சரி என்றது. இரண்டில் ஒன்றை நம்ப வேண்டும்: பலகையையா, பூ நூலையா? ஏணியில் ஏறிக் காற்றுக்குழாயின்மேல் உள்ளங்கையை வைத்தேன். விசிறி ஓடினால் அதில் ஒரு மெல்லிய சிலிர்ப்பு இருக்கும். இல்லை. செத்துக் கிடந்தது.

பிறகுதான் புரிந்தது. கரண்ட் மாறிய நொடியில் விசிறி நின்று, திரும்பக் கிளம்பாமல் விட்டுவிட்டது. பச்சை விளக்கு விசிறிக்கு மின்சாரம் போகிறது என்றுதான் சொல்லும். விசிறி சுற்றுகிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. காற்று கெட்டுப்போனால்தான் கருவி பேசும், அதற்கு இன்னும் நேரம் இருந்தது. யாருக்கும் உயிராபத்து இல்லை. கதவைத் திறந்தால் அதியமான்கோட்டைக் காற்று. ஆனால் நாங்கள் அவர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தது அதியமான்கோட்டையை அல்ல.

கீழே இறங்கி விஷயத்தைச் சொன்னேன். தலைவரின் முகம் மாறியது. கெட்ட மனிதர் இல்லை அவர். ஷெட்டில் வேலை செய்த அத்தனை குடும்பங்களும் அவர் தலையில்தான் இருந்தன. பலகையில் ஒரு பொத்தானைக் காட்டினார். அழுத்தினால் விசிறி மறுபடி ஓடும். உள்ளே யாருக்கும் தெரியாது.

"ஸ்டார்ட் பண்ணிடுங்க மேடம். சாப்பாடு முடியட்டும். அப்புறம் நம்ம ஆளுங்களோட பேசிக்கலாம்" என்றார்.

நான் பொத்தானை அழுத்தினேன். அது உடனே செய்யவேண்டிய வேலை. அடுத்தது என்ன என்பதில்தான் மனம் இழுபட்டது. அவர் சொன்னதில் தர்க்கம் இருந்தது. கோளாறு சரியாகிவிட்டது. காரணம் தெரிந்துவிட்டது. உண்மையான படகில் அது வராமல் பார்த்துக்கொள்ளவும் முடியும். ஆனாலும் உள்ளே ஒரு பெண் தன் பயத்தை இன்டர்காமில் சொல்லிவிட்டு, என் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார். நான் எதுவும் சொல்லாமல் விட்டால், நூல் மறுபடி ஆடுவதைப் பார்த்து அவர் என்ன நினைப்பார்? தான் பயந்தது உண்மை என்றும், இந்த இடத்தில் யாரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றும்தானே? அதற்குப் பிறகு அவர் சொல்லும் எந்தப் பதிலுக்கும் மதிப்பில்லை. நம் வேலைக்கும் மதிப்பில்லை.

உள்ளே போய்ச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். தலைவர் கொஞ்ச நேரம் கூரையில் விழும் ஆலங்கட்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு சட்டையைச் சரிசெய்துகொண்டு, "நானும் வர்றேன், நீங்க மட்டும் போய் நின்னா நல்லா இருக்காது" என்றார். அந்த மனிதரைப் பற்றி நீங்கள் எது கேள்விப்பட்டாலும் இதையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மேடையை நிறுத்தி, கதவைத் திறந்து, மேசைக்கு முன் நின்று நடந்ததைச் சொன்னேன். விசிறி நின்றது, எங்கள் பலகை அதைக் காட்டவில்லை, சாலம்மா சொன்னதால் தெரிந்தது, இப்போது ஓடுகிறது. நாலு வாக்கியம். மன்னிப்போ விளக்கமோ அதில் சேர்க்கவில்லை. அது பிறகு.

வாங்குபவர் கரண்டியை வைத்தார். அரவிந்தைப் பார்த்து, உள்ளேதானே இருந்தீர்கள், உங்களுக்குத் தெரிந்ததா என்று கேட்டார். அரவிந்த் காற்றுச் சல்லடையை அண்ணாந்து பார்த்தார். "தெரியலை சார்" என்றார். வாங்குபவர் எழுந்து, கிளம்பலாம் என்று மனைவியிடம் சொன்னார்.

கோமதி எழவில்லை. சாலம்மாவைப் பார்த்து, உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார். சாலம்மா தயங்கி, என்னைப் பார்த்துவிட்டு, சமையல் மூலைக்குக் கூட்டிப்போய் நூலைக் காட்டினார். அது இப்போது ஆடிக்கொண்டிருந்தது. கோமதி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார்.

"ஹோட்டல்ல தங்கினா பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு வைப்பேனே, நீங்க திட்டிட்டு நிறுத்துவீங்களே. எதுக்குன்னு ஒருநாளும் கேட்டதில்லை."

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். "இதுக்குத்தானா?"

"ரொம்ப அமைதியா இருந்தா எனக்குத் தூக்கம் வராது. உங்களுக்கு இந்தப் படகு அவ்வளவு பிடிச்சிருக்கு. அதான் சொல்லலை."

 கணவர் மறுபடி உட்கார்ந்தார். ஆனால் சாப்பிடவில்லை. மழை விட்டதும் கிளம்பிவிட்டார்கள். வாங்குகிறேன் என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை.

அடுத்து வந்த வாரங்கள் நல்லவை அல்ல. பெங்களூரிலிருந்து யாராவது கூப்பிட்டாலே ஷெட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். என்னைக் குறை சொன்னவர்கள் இருந்தார்கள். முகத்துக்கு நேரே சொன்னவர்களும் இருந்தார்கள். சரியானதைச் செய்தால் உடனே நல்லது நடக்கும் என்று உங்களுக்கு யாராவது சொன்னால், இந்த வாரங்களைப் பற்றி என்னிடம் கேளுங்கள். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, அந்தப் பொத்தானை அழுத்திவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால் என்ன என்று நானும் யோசித்துக்கொண்டுதான் போவேன். இருந்தாலும் சாப்பாடு இறங்கியது, தூக்கம் வந்தது. அதை வைத்து, செய்தது சரிதான் என்று முடிவு செய்துகொண்டேன்.

அரவிந்த்தான் முதலில் நிமிர்ந்தார். இரண்டு நாள் யாருடனும் பேசாமல் அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். மூன்றாவது நாள், குழாயைத் திறந்து போட்டு வேலை செய்துகொண்டிருந்தார். முதலில் விசிறியின் சுற்றையே அளக்கும், காற்றின் ஓட்டத்தையே அளக்கும் கருவிகளை வைத்தார். அது எளிது. அடுத்ததுதான் கஷ்டம். காற்று காதில் விழ வேண்டும், ஆனால் உறுத்தக்கூடாது. சல்லடையின் கண்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒன்று விசில் அடித்தது. ஒன்று குக்கர் மாதிரி சீறியது. மாதையனும் சாலம்மாவும் பாலக்கோட்டிலிருந்து வந்து உட்கார்ந்து கேட்பார்கள். ஒரு சத்தத்துக்கு மாதையன் எழுந்து நின்று, பென்னாகரம் பஸ் கிளம்புகிறது என்றார். அரவிந்தும் சேர்ந்து சிரித்தார்.

கடைசியில் அமைந்தது மிக மெல்லிய ஒரு சத்தம். முறத்தில் ராகியைப் பரப்பி விரலால் தள்ளினால் வருமே, அந்த மாதிரி. கவனித்தால் கேட்கும், கவனிக்காவிட்டால் மறந்துவிடும். நின்றால் மட்டும் உடனே தெரியும். சாலம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இது போதும் தம்பி" என்றார். அவ்வளவு சின்னச் சத்தம் எப்படிப் போதுமானதாக இருக்கிறது என்று அரவிந்திடம் கேட்டேன். மற்ற எல்லாச் சத்தத்தையும் எடுத்துவிட்டதால்தான் மேடம் என்றார். பம்பும் மோட்டாரும் இரைந்துகொண்டிருந்தால் இதைக் கேட்கவைக்க நான்கு மடங்கு சத்தம் தேவைப்பட்டிருக்கும். அவர் உழைப்பில் எதுவும் வீண்போகவில்லை. அது முடிய ஒரே ஒரு சத்தம் பாக்கி இருந்தது, அவ்வளவுதான்.

சிங்கப்பூரிலிருந்து கடைசியில் போன் வந்தது. பேசியவர் கோமதி. தான் மட்டும் வருவதாகவும், யாரும் கூட உட்கார வேண்டாம் என்றும் சொன்னார். வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் கழித்து வெளியே வந்தபோது கன்னத்தில் தலையணையின் மடிப்பு பதிந்திருந்தது. காபி கிடைக்குமா என்று கேட்டார். தலைவர் தானே ஓடிப்போய் வாங்கிவந்தார்.

படகு கட்டி முடிந்து, கடலில் சோதனை ஓட்டம் நடந்தபோது எனக்கு ஓய்வு பெறும் வயது வந்திருந்தது. கோமதி எங்களையும் கூப்பிட்டிருந்தார். நான், அரவிந்த், மாதையன், சாலம்மா நாலு பேரும் தருமபுரியிலிருந்து ஒரே காரில் போனோம். சாலம்மா கட்டுச்சோறு கொண்டுவந்தார். துறைமுகத்தை விட்டுப் படகு மேலே மிதந்தபடி போகும்போது ஆட்டம் கொஞ்சம் இருந்தது; அரவிந்த் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு தண்ணீர் ஜன்னலுக்கு மேலே ஏறியது. ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, ஓர் இடத்தில் நின்றே போனது. வெளிச்சம் பச்சையாகி, நீலமாகியது.

வாங்குபவர் சின்னப் பையன் மாதிரி ஜன்னல் ஜன்னலாக அழைத்துப்போய்க் காட்டினார். ஒரு மீன் கூட்டம் வந்தது. ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒரே சமயத்தில் எல்லாம் திரும்பும்போது, கடலுக்குள் யாரோ கண்ணாடியைத் திருப்பிய மாதிரி பளிச்சிட்டது. எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினோம். மாதையனைக் காணவில்லை. ஷெட்டில் திரை மீனையே வாய்பிளந்து பார்த்தவர், நிஜ மீன் வந்த நேரத்தில் எங்கே போனார் என்று தேடிப் போனேன்.

உட்காரும் அறையில் இருந்தார். பக்கத்தில் சாலம்மா, அவர் தோளில் சாய்ந்து நல்ல தூக்கத்தில் இருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. தலைக்கு மேலே காற்று மெதுவாகச் சலசலத்துக்கொண்டிருந்தது. மாதையன் அசையாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தோள் மரத்துப் போயிருக்க வேண்டும், கையை மடியில் வைத்து மறு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். மீன் கூட்டம் வந்திருக்கிறது, பார்க்க வாருங்கள், நான் உட்கார்ந்துகொள்கிறேன் என்று சைகை காட்டினேன்.

அவர் தலையை மட்டும் ஆட்டி வேண்டாம் என்றார்.

"நான் ஆஸ்பத்திரியில இருந்து வந்த நாள்ல இருந்து, எப்ப முழிச்சுப் பாத்தாலும் இவ முழிச்சிக்கிட்டுத்தான் இருப்பா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டு இருக்கா" என்று மெதுவாகச் சொன்னார். "மீனு அப்பறம் பாத்துக்கலாங்க இன்ஜினியரம்மா. தூங்கட்டும்."